ஜீரோ லிட்டர் வார்டு

எங்க லைனோட போர்வெல் மோட்டார் எரிஞ்ச அன்னிக்கு இன்ஜினியர் மஞ்சுநாத் சார் தண்ணீர் சிக்கனப் பயிற்சியில இருந்தாரு. அடுத்த வாரம் நகரசபை ஆபீசுக்குப் போனேன், மழைநீர்ப் பயிற்சின்னாங்க. அதுக்கடுத்த வாரம் போனேன், மன அழுத்தம் இல்லாம பொதுமக்களைச் சந்திப்பது எப்படின்னு ஒரு பயிற்சி, அதுக்குப் போயிட்டாருன்னாங்க. பொதுமக்கள் கண்ணுலயே படாத மனுசனுக்கு மன அழுத்தம் எங்கருந்து வரும்? வாயில வந்ததை முழுங்கிக்கினு வீட்டுக்கு வந்தேன்.

நான் ஜெனிட்டா. கோலார் தங்கவயல்ல ஸ்கெலட்டன்னு ஒரு ஏரியா, அந்த வார்டு மெம்பர். எலெக்‌ஷன்ல நின்னதே ஒரு கோவத்துல. குழாயில தண்ணி வரலன்னு கேக்கப் போன எடத்துல, "நீ யாரும்மா கேக்கறதுக்கு, மெம்பரா?"ன்னு ஒருத்தர் கேட்டுட்டாரு. சரி, மெம்பராவே வந்து கேக்கறேன்னு நின்னேன். ஜெயிப்பேன்னு நெனைக்கல. இப்ப அதே கேள்விய மெம்பரா கேக்கறேன். அதே பதில்தான் வருது, கூட ஒரு "மேடம்" சேத்துக்கறாங்க.

எங்க லைன்னா சுரங்கக் காலத்துல கம்பெனி கட்டின வரிசை வீடுங்க. ஓடு, தகரம், குறுக்கால ஒரு சாக்கடை. மொத்த லைனுக்கும் ஒரே போர். அது ஓடலன்னா பக்கத்து வார்டுக்குப் போயி, அவங்க மொறைக்கறதையும் சேத்து வாங்கிக்கினு, ஆளுக்கு ரெண்டு குடம் எடுத்தாரணும். அதனால எல்லாரும் போர் மேடைக்கு முன்னால அவங்கவங்க குடத்தை வரிசையா வெச்சிட்டு வேலைக்குப் போயிடுவோம். மோட்டார் என்னிக்காவது ஓடும், அன்னிக்கு எடம் போயிடக்கூடாதில்ல? செவப்புக் குடம் எனது. அதுக்குப் பின்னால இருக்கற ஊதா குடம் மமதாவோடது.

மமதாவைப் பத்திச் சொல்லியாகணும். எதுத்த வீட்டுப் பொண்ணு. புருசன் மனோகர், என் வீட்டுக்காரர் ஆஸ்டின் மாதிரியே விடிகாலை ரயில் புடிச்சி பெங்களூருக்கு வேலைக்குப் போறவன். தலைச்சன் பிரசவம், மாரிகுப்பத்துல அம்மா வூட்டுல இருக்குது. அம்மா வூடுன்னா ஒரே ரூம்பு, அதுல அண்ணன், அண்ணி, அவங்க ரெண்டு புள்ளைங்க. அண்ணிக்காரி பாத்திரத்தை ஒவ்வொண்ணா 'டம்மு டம்மு'ன்னு வெக்க ஆரம்பிச்சிட்டாளாம். தன் வீட்டுக்கு வரலாம்னா, பச்சப்புள்ள துணி அலசவும் தலைக்கு ஊத்தவும் தண்ணிக்கு எங்க போறது? புள்ளையப் பாக்கப் போனப்போ என் கையைப் புடிச்சிக்கினு கேட்டுச்சி.

"அக்கா, மோட்டார் ஓடற அன்னிக்கு ஒரு போன் போடுங்க. அப்பவே ஆட்டோ ஏறி வந்துடறேன். இங்க என்னால முடியல."

நானும் பெரிய மெம்பராட்டம், "இந்த வாரமே ஓடும், பாரு"ன்னு வாக்கு குடுத்துட்டேன். அந்த வாரம் போயி எத்தினியோ வாரம் ஆச்சி. மமதா நம்பர் வந்தாலே போனைக் கவுத்து வெச்சிடுவேன்.

கடைசில ஆபீஸ் வாட்ச்மேன்தான் வழி சொன்னாரு. "மேடம், அவரைப் பாக்கணும்னா நீங்களும் ட்ரெய்னிங்குக்குப் போயிடுங்க. எல்லாரும் அங்கதான் இருக்காங்க. இங்க நானும் அந்த ஃபேனும்தான்."

அப்பிடித்தான் நான் நீடித்த வளர்ச்சிக்கான தலைமைப் பயிற்சியில சேந்தேன்.

பங்காரப்பேட்டை ரோட்டுல ஒரு ரிசார்ட்டு. வாசல்லயே நீரூற்று பீச்சியடிக்குது. அதைப் பாத்ததும் எனக்கு முதல்ல தோணினது, ஒரு குடம் எடுத்தாந்திருக்கலாமேன்னுதான். உள்ள தொடக்க விழா. குத்துவிளக்கு வேணாமாம், அது பழசாம். தொட்டியில ஒரு செடி, அதுக்குத் தண்ணி ஊத்தித் தொடங்கணும். மேடையில இருந்த ஒவ்வொருத்தரும் ஒரு செம்பு ஊத்தினாங்க. கடைசி ஆளு ஊத்தும்போது செடி வேரோட மெதக்க ஆரம்பிச்சிடுச்சி. அதையும் போட்டோ எடுத்தாங்க.

அப்புறம் டைரக்டர் பேசினாரு. கன்னடத்துல ஆரம்பிச்சி, இங்கிலீஷுல ஏறி, தமிழ்ல வந்து எறங்கினாரு. எங்க ஊர்ல மூணும் எல்லாருக்கும் புரியும். அதனால ஒருத்தரும் தப்பிக்க முடியாது.

"நண்பர்களே, எங்கள் மையம் பதினெட்டு ஆண்டுகளாக இதே ஊர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. தொடங்கியபோது இங்கே தண்ணீர் இல்லை, குப்பை மலை இருந்தது, சுரங்கக் கழிவின் சயனைடு மேட்டுத் தூசி பறந்தது. இன்றைக்கும் பயிற்சியின் தேவை இம்மியளவும் குறையவில்லை. இதைவிட நீடித்தது எது? ஒரே ஒரு வேண்டுகோள். பிரச்சனை என்ற சொல்லை இந்த வளாகத்தில் யாரும் பயன்படுத்தக் கூடாது. வாய்ப்பு என்று சொல்லுங்கள். பிரச்சனையைத் தீர்த்துவிட்டால் முடிந்துவிடும். வாய்ப்பு முடியவே முடியாது."

கைதட்டு அடங்கவே நேரமாச்சி. நானும் தட்டினேன். தட்டலன்னா பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்க.

பயிற்சி நடத்தறது பவ்யா மேடம். பெங்களூருப் பொண்ணு, சிரிச்ச மூஞ்சி, கழுத்துல ஒரு விசில். எல்லாரையும் பேரு சொல்லி, ஊரு சொல்லி, உங்க மனசுல இருக்கற கனவைச் சொல்லுங்கன்னாங்க. ஒருத்தர் பசுமை நகரம்னாரு. ஒருத்தர் சைக்கிள் பாதைன்னாரு. நான் எழுந்து, "எங்க வார்டுல தண்ணிப் பிரச்சனை, மேடம்"ன்னேன்.

ஹால்ல அத்தினி பேரும் திரும்பிட்டாங்க. கெட்ட வார்த்தை பேசிட்ட மாதிரி பாக்கறாங்க. பவ்யா மேடம் சிரிச்ச மூஞ்சி மாறாம வந்து, ஒரு பச்சைத் தொப்பியை என் தலையில மாட்டினாங்க. பிரச்சனைன்னு சொன்னவங்க பயிற்சி முடியற வரைக்கும் அதைப் போட்டுக்கணுமாம். மெம்பரா ஆனதுக்கு எனக்குக் கெடைச்ச மொத மரியாதை அதுதான்.

அப்புறம் விசில். ஒரு விசிலுக்கு எல்லாரும் மரமாகணும், ரெண்டு விசிலுக்கு ஒத்தக்கால் கொக்கு, மூணு விசிலுக்குத் தரையில உருண்டு ஆறு. ஏசப்பா! ஆபீஸ்ல ஒரு நாற்காலியை நகத்தச் சொன்னா ப்யூனைக் கூப்புடற ஆளுங்க, இங்க கோட்டோட தரையில உருளறாங்க. மஞ்சுநாத் சார் எனக்குப் பக்கத்துலதான் ஆறா ஓடிக்கினு இருந்தாரு. இதான் சமயம்னு நானும் உருண்டு போயி, "சார், ஸ்கெலட்டன் மோட்டார்..."ன்னேன்.

"நோடோணா மேடம்"ன்னுட்டு அந்தப் பக்கம் ஓடிட்டாரு. நோடோணான்னா பாக்கலாம்னு அர்த்தம். எத்தினி மாசமா பாக்கறாரோ!

சாப்பாட்டுல புடிக்கலாம்னு பாத்தா, அது மௌன உணவாம். தட்டைப் பாத்து, ஒவ்வொரு பருக்கைக்கும் மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கினே சாப்புடணும். நான் எதுத்தாப்புல உக்காந்து, கையாலயே போர், பைப்பு, மோட்டார், புகைன்னு ஜாடை காட்டினேன். அவரு அப்பளத்துக்கு நன்றி சொல்லிக்கினு இருந்தாரு.

மத்தியானம் நாடகம். அதிகாரி பொதுமக்களா நடிக்கணும், பொதுமக்கள் அதிகாரியா நடிக்கணும். அப்பத்தான் ஒருத்தர் மனசு ஒருத்தருக்குப் புரியுமாம். பவ்யா மேடம் சீட்டு எடுத்தாங்க. மஞ்சுநாத் சார் தண்ணி இல்லாத வார்டுக்காரர், நான் இன்ஜினியர். நடுவுல ஒரு மேசை. நான் தொப்பியோட போயி நாற்காலியில உக்காந்தேன்.

அந்த மனுசன் வந்து மேசையைக் குத்தினாரு பாருங்க! நான் ஆடிப்போயிட்டேன்.

"இன்னா சார் நெனச்சிக்கினு இருக்கீங்க? எங்க லைன்ல மோட்டார் எரிஞ்சி எத்தினி நாளாச்சி? வயசானவங்க குடம் தூக்கறாங்க, புள்ளத்தாச்சிங்க குடம் தூக்கறாங்க! உங்க ஸ்டோர் ரூம்ல புது மோட்டார் பெட்டி கூடப் பிரிக்காம கெடக்குது. அரை நாள் வேலை! பத்து ஆளு இருந்தா பழைய மோட்டாரை மேல இழுத்துட்டுப் புதுசை எறக்கிடலாம்! ஏன் சார் எறக்கல?"

கண்ணுல தண்ணி முட்டிக்கினு நிக்கறாரு. பொய்யில்ல, நெசமாவே. ஸ்டோர் ரூம்ல புது மோட்டார் இருக்கற சங்கதியே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். "ஏன் எறக்கல?"ன்னு நானும் கேட்டேன்.

"என்னைக் கேக்கறீங்களா? நீங்கதான் எப்பப் பாத்தாலும் ட்ரெய்னிங்ல இருக்கீங்களே!"ன்னு கத்தினாரு.

நான் எழுந்து நின்னேன். "சரி. இன்ஜினியரா நான் ஆர்டர் போடறேன். இப்பவே கிளம்புங்க, மோட்டாரை எடுத்தாந்து எறக்குங்க."

பவ்யா மேடம் விசில் ஊதினாங்க. "அருமை! நேரம் முடிஞ்சிடுச்சி!"

மஞ்சுநாத் சார் கர்ச்சீப்பால கண்ணைத் தொடைச்சிக்கினு, மறுபடியும் இன்ஜினியராயிட்டாரு. நான் பின்னாலயே ஓடி, "சார், அந்த மோட்டாரு..."ன்னேன்.

"அது நடிப்பு மேடம். நெஜத்துல அதுக்கு நெறைய நடைமுறை இருக்குது. நோடோணா."

சிறந்த நடிகர் பரிசு அவருக்குத்தான். எனக்குக் கோவம் கூட வரல. அலுத்துப்போச்சி.

மறுநாள்தான் கூத்தே. எல்லா வார்டுலயும் ஆளுக்கு எவ்வளவு தண்ணி செலவாவுது, தண்ணி எறைக்க எவ்வளவு கரண்டு செலவாவுதுன்னு பெரிய திரையில போட்டாங்க. கம்மியா செலவு பண்ற வார்டு பச்சை, அதிகமா பண்ற வார்டு செவப்பு. எங்க வார்டு மொதல் எடம். தண்ணி: ஜீரோ லிட்டர். கரண்டு: ஜீரோ. பளபளன்னு பச்சை. எங்களுக்குத் தண்ணி குடுத்த பக்கத்து வார்டு கடைசி எடம். பாவம், அந்த மெம்பருக்கு எச்சரிக்கை.

என்னை மேடைக்குக் கூப்ட்டாங்க. தொப்பியை எடுத்துட்டு மாலை போட்டாங்க. மைக்கைக் கையில குடுத்தாங்க. இப்ப உட்டா எப்ப?

"ஐயா, நாங்க சிக்கனம் பண்ணல. எங்க மோட்டார் எரிஞ்சிபோச்சி. குழாயில தண்ணி வரல. அதான் ஜீரோ. வெறும் மோட்டார் மாத்தினா போதும்."

டைரக்டர் மைக்கை என் கையிலருந்து அன்பா வாங்கினாரு.

"கேட்டீர்களா, நண்பர்களே? எவ்வளவு பணிவு! மோட்டாரே இல்லாமல் ஒரு சமுதாயம் வாழ்ந்து காட்டுகிறது. உலகத்தின் பெரிய பெரிய நகரங்கள் எட்ட முடியாத ஜீரோவை இந்தச் சகோதரி எட்டியிருக்கிறார். இறுதி மதிப்பீடு முடியும்வரை அந்த வார்டில் எதையும் மாற்றக் கூடாது. ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. இது முன்மாதிரி வார்டு! இந்தச் சகோதரி இனி மாணவி அல்ல, மாஸ்டர் ட்ரெய்னர்!"

எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. மஞ்சுநாத் சார் முகத்துல அப்பிடியொரு நிம்மதி. இனிமே மோட்டாரை மாத்தாம இருக்கறதுக்கு அவருக்கு ஆர்டரே வந்துடுச்சி இல்ல?

சாயங்காலம் மமதா போன். எடுக்காம உட்டேன். மறுபடியும் அடிச்சிது, எடுத்தேன்.

"இன்னாக்கா, பரிசு வாங்கினீங்களாமே. எங்க வீட்டுக்காரரு போன்ல போட்டோ அனுப்பினாரு."

"ஆமாம்மா."

"எதுக்குக்கா பரிசு?"

"தண்ணி இல்லாததுக்கு"ன்னேன்.

பின்னால புள்ள அழற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டுச்சி. "அண்ணி நேத்து என் புள்ள துணிய வாசல்ல தூக்கிப் போட்டுட்டாங்கக்கா"ன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சி. நான் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு அழுதேன். கழுத்துல இன்னும் மாலை இருந்துச்சி, அதைப் பாத்துட்டு ஒரு கெழவர் எனக்குக் கல்யாணமான்னு கேட்டுட்டுப் போனாரு.

அடுத்த வாரம் எங்க லைனுக்குக் கண்டுணர்வுப் பயணம். ரெண்டு பஸ்ஸு நெறைய தலைவருங்க, அதிகாரிங்க. மாஸ்டர் ட்ரெய்னர் நானு, ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கணும். இன்னா எடுக்கறதுன்னு பவ்யா மேடத்தைக் கேட்டேன்.

அவங்க மொத மொறையா சிரிக்காம பேசினாங்க. "ஒண்ணுமில்ல மேடம். ஒரு நல்ல பேரு வெக்கணும். கலர் கலரா அட்டை குடுக்கணும். விசில் ஊதணும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நானும் நாலு வருஷமா பாக்கறேன்." சொல்லிட்டு விசிலைக் கழட்டி என் கையில குடுத்துட்டாங்க. நல்ல பொண்ணு. அதுக்கும் அலுத்துப்போயிருந்துச்சி போல.

ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மரமாகுன்னா மரமாவறாங்க, கொக்காகுன்னா கொக்காவறாங்க. வேலையா சொன்னாத்தானே செய்ய மாட்டாங்க?

பஸ்ஸு வந்துச்சி. எல்லாரும் எறங்கி மொதல்ல குடங்களைப் பாத்தாங்க. செவப்பு, ஊதா, பச்சைன்னு நீளமா, தூசி படிஞ்சி நிக்குது. டைரக்டர் மூக்குக்கண்ணாடிய ஏத்திக்கினு வெளக்கினாரு. "கவனியுங்கள். காலிக் குடங்களை இவர்கள் ஒளித்து வைக்கவில்லை. வெட்டவெளியில் அழகாக அடுக்கி, வெறுமையைக் கொண்டாடுகிறார்கள். இது மக்கள் கலை." ஒருத்தர் என் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சி போட்டோ எடுத்தாரு. எடம் மாறிடப்போவுதுன்னு நான் ஓடிப்போயி பழையபடி வெச்சேன்.

அப்புறம் ஆளுக்கொரு கலர் அட்டை குடுத்துட்டு விசில் ஊதினேன்.

"இன்னைக்குச் செயல்பாடு பேரு, 'வேரைத் தேடி'. பச்சை அட்டைக்காரங்க எல்லாரும் வேர். போர்ல இருக்கற கறுப்பு பைப்பைப் புடிச்சி, ஒண்ணா மூச்சு விட்டு, மேல இழுக்கணும். மஞ்சள் அட்டை, விதை. ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல ஒரு பெட்டி இருக்குது, ஜீப்புல போயி எடுத்தாரணும். நீல அட்டை, மழை. விதையை மண்ணுக்குள்ள எறக்கணும். வழிகாட்டி மஞ்சுநாத் சார்."

டைரக்டர் பக்கத்துல வந்து, "எதையும் மாற்றக் கூடாது என்றேனே"ன்னாரு.

"மாத்தல சார். இது ஒத்திகை."

"ஓ. ஒத்திகையா? நடத்துங்கள்."

அட, இழுத்தாங்க பாருங்க! ஜாயிண்ட் டைரக்டர்லருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் வரிசையா நின்னு, ஐலசா போட்டு இழுத்தாங்க. சட்டையெல்லாம் சேறு. மஞ்சள் கோஷ்டி போன வேகத்துல பெட்டியோட வந்துடுச்சி. நடைமுறை கிடைமுறை ஒண்ணும் குறுக்க வரல. மஞ்சுநாத் சார் கையை மடிச்சி உட்டுக்கினு, பல்லுல டேப்பைக் கடிச்சி ஒயரை ஒட்டினாரு. யாருக்கும் காத்துக்கினு இல்ல, எதையும் தேடல. கை பாட்டுக்கு ஓடுது. பாவம், அந்த மனுசனுக்கு வேலை நல்லாவே தெரியும். அதைச் செய்ய விட்டு எத்தினி வருஷமாச்சோ, மூஞ்சியில ஒரு சின்னப் புள்ள சிரிப்பு.

அரை நாள்கூட ஆவல. சுவிட்சு போட்டாரு. போர் ஒரு தும்மு தும்மி, செவப்பா துப்பி, அப்புறம் வெள்ளையா தண்ணி கொட்டிச்சி. எங்க லைன் பொம்பளைங்க போட்ட சத்தத்துல பஸ் டிரைவர் எழுந்துட்டாரு. நான் மமதாவுக்குப் போன் போட்டேன்.

இங்க குடம் ரொம்பிக்கினு இருக்கும்போதே, அந்தாண்ட டைரக்டர் எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சி, தண்ணி வந்தப்போ என்ன உணர்ந்தீங்கன்னு சீட்டுல எழுதச் சொன்னாரு. "குளிர்ச்சி"ன்னு பாதிப்பேர், "மகிழ்ச்சி"ன்னு மீதிப்பேர். அதை ஒட்டி, போட்டோ எடுத்து, டீ குடிக்கறதுக்குள்ள ஆட்டோ வந்துடுச்சி. மமதா புள்ளையோட எறங்கி நேரா தண்ணிக்கிட்டதான் போச்சி. கையை நனைச்சி புள்ள நெத்தியில தடவிச்சி. என்னைப் பாத்துச்சி.

டைரக்டர் எழுந்தாரு.

"மிகச் சிறந்த செயல்பாடு! இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கிறேன். திங்கட்கிழமை அடுத்த குழு வருகிறது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அனுபவம் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆகவே, பொருள்களைப் பழைய நிலையிலேயே வைத்துவிடுங்கள். மஞ்சுநாத், அந்தப் புது மோட்டாரை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். எரிந்ததை இறக்கிவிடுங்கள்."

மஞ்சுநாத் சார் என்னைப் பாத்தாரு. தரையைப் பாத்தாரு. அவரு சட்டையில இன்னும் ஈரம் காயல. "ரூல்ஸ் மேடம்"ன்னு மொணகிக்கினே ஸ்பேனரை எடுத்தாரு. நான் விசிலை ஊதிப் பாத்தேன். காத்துதான் வந்துச்சி. டைரக்டர் எதுத்தாப்புல நிக்கும்போது என் விசிலுக்கு யாரு கொக்காவறாங்க?

மமதா விறுவிறுன்னு போயி போர் மேடை மேல ஏறி, பைப்புல முதுகைச் சாச்சி உக்காந்துக்கிச்சி. புடவை முந்தானைய இழுத்து விட்டுக்கினு, புள்ளைக்குப் பால் குடுக்க ஆரம்பிச்சிடுச்சி. "இப்ப எடு பாக்கலாம்"னு மஞ்சுநாத் சாரைப் பாத்துச் சொல்லிச்சி. அவரு ஸ்பேனரோட அப்பிடியே திரும்பி நின்னுக்கினாரு. அன்னிக்கு அந்த மனுசன் முகத்துல ரெண்டாந்தடவை சிரிப்பைப் பாத்தேன்.

டைரக்டர் கத்தப்போறாருன்னு நெனச்சேன். அவரு கத்தல. கண்ணு மலர்ந்துபோயி, எல்லாரையும் கிட்டக் கூப்ட்டாரு.

"பாருங்கள், பாருங்கள்! சமுதாய உரிமை உணர்வு என்று நேற்று முழுக்க விளக்கினேனே, இதோ! தாய், சேய், நீர்! குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை இதையும் சேர்த்துக்கொள்வோம். அம்மா, தங்கள் பெயர்? அடுத்த குழு வரும்போதும் இதே இடத்தில், இதேபோல உட்கார முடியுமா?"

எல்லாரும் தட்டினாங்க. பஸ்ஸு ஏறிப் போயிட்டாங்க. மோட்டார் ஓடிக்கினுதான் இருந்துச்சி.

தூசி அடங்கினப்புறம் நான் மேடையாண்ட போனேன். மமதா எழுந்திருக்கல. புள்ள தூங்கிப்போயிருந்துச்சி.

"போயிட்டாங்க, எறங்கும்மா. போயி தலைக்கு ஊத்திக்க"ன்னேன்.

"திங்கக்கெழம வருவாங்க இல்லக்கா?"

"வருவாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் வருவாங்க."

மமதா புள்ளையை இந்தத் தோளுலருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிச்சி.

"அக்கா, நீங்கதான் மாஸ்டர் ட்ரெய்னராச்சே. இவங்க வராம இருக்கறதுக்கு எதனா ட்ரெய்னிங் இருந்தா கேட்டுச் சொல்லுங்க. புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு நானே வந்து உக்காந்துக்கறேன்."